அறுபத்திமூன்று வீதம்

பேர்ணிலிருந்து அண்ணா அனுப்பிய கப்பல் பெட்டியில்
சொக்லேற்றுக்கும் சம்பூவுக்கும் இடையே
எழுநூற்றுப் பதினாறு கட்டைகளாக
ஒரு றெயில் வந்தது.
மகன் இரண்டு நாளில் பூட்டி முடித்தான்.
கையால் ஒருக்கால் தள்ளிப் பார்த்து
"இவ்வளவுதானா" என்றுவிட்டு ரியூசனுக்குப் போனான்.
பெட்டியின் ஓரத்தில் எறும்பளவு எழுத்தில் கிடந்தது:
மோட்டர் தனியே வாங்கவும்.

தனியே வாங்க நான் என்ன சுவிஸிலா இருக்கிறேன்?
ஸ்ரான்லி வீதியில், மாடிப்படிக்குக் கீழே,
ஆறடிக்கு நாலடி போன் திருத்தும் கடை.
தனியே கிடப்பவை இங்கே நிறைய.

செத்த டிவிடி பிளேயர் ஒன்றின் வயிற்றிலிருந்து
தட்டைத் தள்ளும் மோட்டரை எடுத்தேன்.
ஆயுள் முழுக்க அது கண்டது
நாலு அங்குலம் முன்னே, நாலு அங்குலம் பின்னே.
ஏழு பெட்டியை இழு என்றதும்
முனகியது.

இன்னொன்றைக் கழற்றி வாலில் வைத்தேன்.
முன்னது சுன்னாகம் போக
பின்னது நாவற்குழிக்கு இழுத்தது.
நடுவில் நாலாம் பெட்டி கொழுக்கி கழன்று
மேசையால் விழுந்தது.
குற்றம் மோட்டரில் இல்லை, என்னில்.
சிவப்பையும் கறுப்பையும் மாற்றி
மறுபடி ஈயம் வைத்தேன்.

பிறகு சில்லு வழுக்கியது.
சைக்கிள் வால்வ் ரியூப்பை வளையம் வளையமாக வெட்டி
சில்லுகளுக்கு மாட்டினேன்.
பாரம் காணாது என்று தெரிந்தபோது
பத்து ரூபாக் குற்றிகள் பன்னிரண்டை அடியில் அடுக்கினேன்.
இந்தக் காலத்தில் அந்தக் காசுக்கு
வேறு எதுவும் அசையாது.

பற்றறி?
அதற்குத்தான் லாச்சி.
திருத்தியும் ஆள் வராத போன்கள்,
ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு துண்டு.
மங்களேஸ்வரி, ஆனைக்கோட்டை, டிஸ்பிளே, 6500.
ஒரு வருசமும் ஏழு மாதமும்.
எடுத்துச் சொல்வோம் என்றால்
அவ தந்த இலக்கம்
அந்தப் போனின் இலக்கம்தான்.
கடன் என்று சொல்லித்தான் எடுத்தேன்,
லாச்சிக்கு.

ஓடியது.
ஈயச் சுருளைச் சுற்றி, ஸ்குரூத் தட்டைச் சுற்றி,
தட்டு வெளியே வருகிற அதே சத்தத்தோடு,
ஆனால் திரும்பி உள்ளே போகாமல்.
றீலோட் போட வந்த பெடியன்
காசு தர மறந்து மூன்று சுற்றுக்கு நின்றான்.

நாலாம் நாள், மழைக்குள்,
குடையை வாசலில் சாத்திவிட்டு ஒருத்தி.
"பிள்ளை, போன் ஒண்டு தந்தனான். கன நாளாப் போச்சு."
பெயரைச் சொன்னா.
ஏன் பிந்தியது என்று அவ சொல்லவில்லை.
நான் கேட்கிற நிலையில் இல்லை.
றெயில் அப்போது மறுகரையில், மல்ரிமீற்றருக்குப் பின்னால்.
நிற்பாட்ட சுவிட்ச் வைத்திருக்கவில்லை.
வரும்வரைக்கும் இரண்டு பேரும்
பார்த்துக்கொண்டு நின்றோம்.

வந்ததும் பிடித்தேன். கூரையைக் கழற்றினேன்,
நாலு கட்டை, ஒரு சின்னக் கதவு.
உள்ளே பற்றறியைக் கண்டு
"என்ரையோ?" என்றா.
ஓம் என்றேன்.
வேறென்ன சொல்ல.

போட்டு அமத்த, திரை வெளித்தது.
அறுபத்திமூன்று வீதம்.
றெயிலுக்கென்று ஏற்றிய சார்ஜ்.
சிம் எப்போதோ செத்திருந்தது. அதை அவ பார்க்கவேயில்லை.
படங்களுக்குள் போய், விரலால் தள்ளித் தள்ளி,
ஓரிடத்தில் நின்றா.
"இருக்கு" என்றா,
எனக்கில்லை.

காசை எண்ணி வைத்தா, ஆறாயிரத்து ஐந்நூறு.
ஓடின கூலியென்று ஐந்நூறைத் திருப்பிக் கொடுத்தேன்.
வாங்கவில்லை.
கூரையில்லாமல் நின்ற பெட்டியைப் பார்த்து
"இது இனி ஓடாதோ?" என்றா.

லாச்சியை இழுத்துக் காட்டினேன்.
இன்னும் பதினொன்று.
கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தா.
ஒவ்வொரு துண்டாக வாசித்தா.
நீல உறை போட்ட ஒன்றை எடுத்து
என் பக்கமாக ஒதுக்கி வைத்தா.

"இதைத் தொடாதை பிள்ளை.
இவன் எங்கட ஒழுங்கைப் பெடியன்.
நான் வரச் சொல்லுறன்."